பாக்கோவின் பட்டடை

கம்பிக்கதவில் எவர்சில்வர் கிண்ணம் மோதும் சத்தம் மிருகக்காட்சி சாலையின் தீவன அறை வரைக்கும் கேட்டது. டங், டங், டங். சற்று நிற்கும். கெரின் கத்தியைக் கீழே வைப்பாள். உடனே மறுபடி டங், டங்.

கிண்ணத்தை அனுப்பியவள் அவளுடைய நாத்தனார் ஜெனீன். கூடவே ஒரு கட்டளையும் வந்திருந்தது. இனிமேல் குரங்குகளுக்குக் கல் கிடையாது, கொட்டை கிடையாது. வேகவைத்த சர்க்கரைவள்ளி, நறுக்கிய பழம், எல்லாம் கிண்ணத்தில் வைத்தால் போதும். அந்தக் கிண்ணத்தைக் கம்பியில் அடிப்பது பாக்கோ என்ற கப்புச்சின் குரங்கு. புதன்கிழமை முதல் அதைத் தன் கூட்டத்திலிருந்து பிரித்து, இரவுக் கொட்டடியில் தனியாகப் பூட்டி வைத்திருக்கிறார்கள். திங்கட்கிழமை வண்டி வரும். தெற்கே யாரோ ஒருவருடைய பண்ணையில் தனிக்கூண்டு. கப்புச்சினுக்குத் தனிக்கூண்டு என்பது ஆயுள் தண்டனை.

நறுக்கிய பழத்தை எடுத்துக்கொண்டு போனபோது, பாக்கோவின் இடது முன்கையில் முடி இல்லாத இடம் நேற்றைவிடப் பெரிதாகியிருந்ததைக் கெரின் பார்த்தாள். அது தானே பிடுங்கிக்கொண்டது. பழத்தைத் தொடக்கூட இல்லை. கிண்ணத்தைக் கவிழ்த்து, அடிப்பாகத்தை நகத்தால் சுரண்டி, ஒளித்து வைத்தது ஏதாவது உண்டா என்று தேடியது.

ஒரு வரியில் சொன்னால், சாப்பாட்டை ஒளித்து வைப்பதுதான் அவள் வேலை. பிராணிகளைப் பற்றிக் கல்லூரியில் படித்துவிட்டு, பதினெட்டு வருஷமாக அவள் செய்வது இதுதான். மரக்கட்டையில் துளைபோட்டுத் தேன் தடவுவாள். சாக்குப் பைக்குள் வைக்கோலைத் திணித்து நடுவில் புழுக்களை விடுவாள். பட்டாணியை ஐஸ் கட்டிக்குள் உறைய வைப்பாள். காட்டில் இருக்கும் கப்புச்சின் விடிந்ததிலிருந்து பொழுது சாயும்வரை இரை தேடும். அதையே தட்டில் வைத்து நீட்டினால் கால்மணியில் தின்று முடித்துவிடும். மிச்சப் பொழுதுக்கு அது என்ன செய்யும்? தன் முடியைத்தான் பிடுங்கும்.

அவள் ஒளித்த எல்லாவற்றிலும் பாக்கோவுக்குப் பிடித்தது மக்கடேமியா கொட்டை. ஆஸ்திரேலியாவின் பண்டபெர்க் ஊரைச் சுற்றிக் கரும்புக்கு அடுத்தபடி விளைவது அதுதான். மனிதர்களே சுத்தியலும் இடுக்கியும் தேடுகிற ஓடு அதற்கு. பாக்கோ அதை அடைப்பின் நடுவிலிருந்த கட்டையின் குழியில் உட்கார வைக்கும். ஒருமுறை திருப்பிப் பார்க்கும். ஆற்றுக்கல்லை இரண்டு கையாலும் தலைக்குமேல் தூக்கி, பின்னங்காலில் நின்று போடும். டொக். அந்தச் சத்தத்தைக் கேட்டு வேலியோரம் நின்றுவிடாத ஆளில்லை.

அந்தக் கல்லால்தான் பார்வையாளர் கண்ணாடி விரிசல் விட்டது. புதன்கிழமை காலை, பள்ளிக்கூடப் பிள்ளைகள் மூக்கை ஒட்டி நின்ற கண்ணாடி. ஓர் ஆசிரியை எடுத்த படம் மத்தியானத்துக்குள் ஊரெல்லாம் சுற்றிவிட்டது. 'குழந்தைகளைத் தாக்கிய குரங்கு' என்று தலைப்பும் வந்தது. காப்பீட்டுக்காரன் விளக்கம் கேட்டான், அரசு ஆய்வாளரும் கேட்டார். மற்ற குரங்குகளை அடுத்த கொட்டடிக்கு மாற்றி, அந்தப் பக்கம் யாரும் போகக்கூடாது என்று ஜெனீன் அடைப்பைப் பூட்டிச் சாவியைத் தன் இடுப்பில் மாட்டிக்கொண்டாள். அன்று மாலையே குடும்பம் கூடி முடிவெடுத்தது. மாமனார் தொடங்கிய மிருகக்காட்சி சாலை, குடும்பம் எடுப்பதுதான் முடிவு. பாக்கோ யாரையும் தாக்கவில்லை, ஏதோ நடந்திருக்கிறது என்று கெரின் தொண்டை வற்றச் சொன்னாள். என்ன நடந்தது என்று கேட்டார்கள். அவளுக்குத் தெரியவில்லை. ஒன்பது வருஷமாகக் கட்டையில் அடித்த குரங்கு அன்றைக்கு மட்டும் ஜன்னலுக்கு ஏன் போயிற்று?

அவள் கணவன் வாரிக் அந்தக் கூட்டத்தில் ஒரு மூலையில் உட்கார்ந்து தொப்பியைச் சுற்றிக்கொண்டிருந்தான். ஒரு வார்த்தை பேசவில்லை.

பேசாததற்கு அவள் காரணம் கற்பித்துக்கொண்டாள். அவர்களுக்குள் அப்போதே பேச்சு இல்லை. வசந்தகாலச் சனிக்கிழமைகளிலெல்லாம் புல்வெளியைக் கல்யாணத்துக்கு வாடகைக்கு விடலாம் என்று அவளைக் கேட்காமலே அக்கா ஜெனீனிடம் ஒப்புக்கொண்டுவிட்டான். ஒலிபெருக்கி வைத்தால் குரங்குகளுக்குத் தூக்கம் போகும் என்று அவள் சொன்னது காற்றில் போயிற்று. செவ்வாய் இரவு முழுதும் சண்டை. புதன் காலை அடைப்புக்குள் போகும் நேரத்தில் அவன் கதவருகே வந்து, தரையைப் பார்த்துக்கொண்டே, பந்தல் வேலை இருக்கிறது, இன்றைக்கு மேலிருந்தே தூவிவிடேன் என்றான். அங்கே யாரும் தனியாக உள்ளே போகக்கூடாது. ஒருவர் பூட்ட வேண்டும், இன்னொருவர் பூட்டை இழுத்துப் பார்த்து 'பூட்டியிருக்கு' என்று வாய்விட்டுச் சொல்ல வேண்டும். கல்யாணமான நாளிலிருந்து பூட்டுவது அவன், இழுப்பது அவள். அவன் முகத்தைப் பார்க்கவே பிடிக்காமல் இருந்த அவள், சரி என்று ஒரு சொல்லை வீசிவிட்டு, கூரைத் திறப்பு வழியாகக் கொட்டைகளைக் கொட்டிவிட்டு, உள்ளே எட்டிக்கூடப் பார்க்காமல் இறங்கிவிட்டாள். நடந்தது அவ்வளவுதான்.

அதற்குப் பிறகு இந்த மூன்று நாளும் வாரிக் வேளை தவறாமல் கொட்டடிக்கு வந்தான். பாக்கோவுக்கு மாம்பழம் கொண்டு வந்தான். கம்பிக்கு வெளியே குந்தி உட்கார்ந்து, போறதுக்குள்ள நல்லா சாப்பிடுடா என்று முணுமுணுத்தான். அதைப் பார்த்து நேற்று அவள் மனம் கொஞ்சம் இளகியும் விட்டது. பாவம், இவனுக்கும் வலிக்கிறது என்று நினைத்தாள். அவன் தேநீருக்குச் சர்க்கரை போட்டுக்கூடக் கொடுத்தாள்.

இன்று சனிக்கிழமை. புல்வெளியில் ஒலிபெருக்கியைச் சோதித்துக்கொண்டிருந்தார்கள். ஒவ்வொரு அதிர்வுக்கும் கொட்டடியில் கிண்ணம் மோதியது. அதையாவது வேறு பக்கம் திருப்பச் சொல்லலாம் என்று கெரின் கையைத் துடைத்துக்கொண்டு கிளம்பினாள்.

பந்தலில் வெள்ளைத் துணி விரித்த மேசைகளின்மேல் கரும்புச் சாம்பல் விழுந்து கிடந்தது. முந்தின மாலை பக்கத்துத் தோட்டத்தில், அறுவடைக்கு முன் சோகையை எரிக்கத் தீ வைத்திருந்தார்கள். இரண்டு பெண்கள் ஊதி ஊதித் தட்டிக்கொண்டிருந்தார்கள். நடுவில், எல்லாருக்கும் தெரியும்படி, மூன்றடுக்குக் கேக். அதன் கீழே ஒரு மரக்கட்டை. சுற்றிலும் யூகலிப்டஸ் இலையும் வெள்ளை ரோஜாவுமாக மாலை கட்டியிருந்தார்கள்.

குரங்கு கையில் பூமாலை என்பார்கள். இங்கே குரங்கின் கட்டைக்கே மாலை போட்டிருந்தார்கள்.

கெரின் முதலில் நம்பவில்லை. கிட்டப் போய், இலைகளுக்குக் கீழே கையை விட்டாள். விரல் ஒரு குழியில் இறங்கியது. பக்கத்தில் இன்னொரு குழி. வழவழப்பாக, உள்ளங்கை அளவில், ஒன்பது வருஷம் கல் விழுந்து விழுந்து குடைந்த குழிகள். இரும்புபோல் கெட்டியான அயன்பார்க் மரம். ஒரு புயலுக்குப் பிறகு வாரிக் தன் சித்தப்பாவின் மேய்ச்சல் நிலத்தில் விழுந்துகிடந்த மரத்தில் ஒரு துண்டை அறுத்து, வண்டியில் போட்டு, மழையில் நனைந்துகொண்டு அவள் வீட்டு வாசலில் வந்து நின்றிருக்கிறான். மற்றவர்கள் மோதிரத்தோடு வருவார்கள். இவன், உன் குரங்குக்குக் கட்டை தேடினியே, இது உடையவே உடையாது என்றான். அந்தக் கட்டைக்காகத்தான் அவள் அவனைக் கட்டிக்கொண்டாள் என்று ஊரில் கேலி செய்வார்கள். பொய்யுமில்லை.

வாரிக் ஐஸ் பெட்டியைத் தூக்கிக்கொண்டு பந்தலுக்குள் வந்தான். அவள் எங்கே நிற்கிறாள், கை எங்கே இருக்கிறது என்று பார்த்தான். பெட்டியை மெதுவாகக் கீழே வைத்தான்.

"எப்ப எடுத்தே?" என்றாள்.

"கெரின், நான் சொல்லணும்னுதான்..."

"எப்ப எடுத்தேனு கேட்டேன்."

"செவ்வாய்க்கிழமை சாயங்காலம். அதுங்க உள்ளே அடைஞ்சப்புறம்." தொண்டையைச் செருமினான். "கேக் வைக்க மரக்கட்டை மாதிரி ஏதாவது வேணும்னு கல்யாணப் பொண்ணு கேட்டாளாம், ஜெனீன் என்னைத் தேடச் சொன்னா. கடைக்குப் போக நேரமில்லை. ஞாயித்துக்கிழமை திரும்ப வெச்சிடலாம், அஞ்சு நாள்தானேன்னு..."

அவளுக்கு எல்லாம் ஒன்றன்பின் ஒன்றாகக் கண்முன் வந்தது. கூரையிலிருந்து கொட்டை விழுகிறது. பாக்கோ கல்லை எடுத்துக்கொண்டு கட்டையிடம் போகிறது. கட்டை இல்லை. சுற்றிலும் புல்லும் மண்ணும். அடைப்பில் கெட்டியான இடம் இன்னும் ஒன்றே ஒன்று, கண்ணாடிக்குக் கீழே இருக்கும் சிமெண்டுத் திண்டு. அங்கே குழி கிடையாது. அடிக்க அடிக்கக் கொட்டை உருளும், கல் வழுக்கிக் கண்ணாடியில் மோதும்.

"அதனாலதான் மேலேருந்து தூவச் சொன்னே."

அவன் குனிந்து ஐஸ் பெட்டியின் மூடியை அழுத்தினான்.

"கண்ணாடி விரிஞ்சப்பவே உனக்குத் தெரியும்."

"புதன்கிழமை சொல்லிருக்கணும். ஜெனீன் கத்தின கத்தல்ல வாய் வரலை. அப்புறம் ஒவ்வொரு மணியும் போகப் போக இன்னும் கஷ்டமாயிடுச்சு." பிறகு, அடிபட்ட நாய் கடிப்பதுபோல, "நீயும்தான் உள்ளே போய்ப் பாக்கலையே. தினமும் போறவ அன்னைக்கு மட்டும் போகலை" என்றான்.

அது உண்மை. உண்மையாக இருந்ததால் இன்னும் சுருக்கென்று தைத்தது.

"ஆமா, போகலை" என்றாள். குரல் உயரவில்லை. பந்தலில் சாம்பல் தட்டிக்கொண்டிருந்த பெண்கள் கை ஓய்ந்து நின்றார்கள். "உன் மூஞ்சியைப் பாக்கப் பிடிக்காம போகலை. அது என் தப்பு, எந்தச் சபையிலயும் சொல்லுவேன். நீ? மூணு நாளா அதுக்கு மாம்பழம் ஊட்டினியே வாரிக். பிள்ளையையும் கிள்ளிட்டுத் தொட்டிலையும் ஆட்டினே. உங்க அக்கா கிட்ட நாலு வார்த்தை வாங்கிக்கப் பயந்து, வாயில்லாத ஜீவனைத் தனிக்கூண்டுக்கு அனுப்பப் பாத்தே. நான் உன் தேநீருக்குச் சர்க்கரை போட்டேன்."

கடைசி வாக்கியத்தில்தான் அவள் குரல் உடைந்தது. அதற்காகத் தன்மேலேயே கோபம் வந்தது.

அவள் கேக்கின் அடித்தட்டை இரண்டு கையாலும் பிடித்தாள். மூன்றடுக்கும் ஒரு பக்கம் சாய்ந்தது. எங்கிருந்தோ இன்னும் இரண்டு கை வந்து தாங்கின. தலையில் முடி சுருட்டும் குழாய்களும் உடம்பில் வீட்டு அங்கியும் காலில் ரப்பர் பூட்சுமாக ஒரு பெண். கல்யாணப் பெண் டெகன். அவள் அப்பாவுக்குச் சொந்தமாக மக்கடேமியா தோட்டம்.

"பாத்து, பாத்து. இதை எங்க அத்தை ராத்திரி முழுக்க முழிச்சுக்கிட்டு செஞ்சாங்க" என்றாள் டெகன். "என்ன நடக்குது இங்கே? என் கேக்கை ஏன் கடத்தறீங்க?"

கெரின் இரண்டே வாக்கியத்தில் சொன்னாள். டெகன் கட்டையைப் பார்த்தாள், வாரிக்கைப் பார்த்தாள்.

"இது குரங்கோட பட்டடையா? எங்கப்பாவே கொட்டை உடைக்க எந்திரம் வெச்சிருக்காரு." கேக்கைப் பக்கத்து மேசைக்கு நகர்த்த அவளே கைகொடுத்தாள். "எடுத்துட்டுப் போங்க அக்கா. இன்னைக்குக் கல்யாணம் எனக்கு, ஆனா முழி பிதுங்கி நிக்கறது உங்க வீட்டுக்காரரு."

கட்டையைத் தூக்க ஒரு ஆளால் ஆகாது. கெரின் அதைச் சாய்த்து, விளிம்பில் நிறுத்தி, உருட்டத் தொடங்கினாள். மாலை நசுங்கி ரோஜாக்கள் புல்லில் வரிசையாக உதிர்ந்தன. வாரிக் குனிந்து மறுபக்கம் கைவைத்தான்.

"கையை எடு" என்றாள். "உனக்கு வேற வேலை இருக்கு. உங்க அக்காவைக் கூட்டிட்டு வா. சாவியோட. வர்ற வழியிலயே சொல்லிடு. நான் சொல்ல மாட்டேன், நீதான் சொல்லணும்."

புல்வெளி முழுதும் தனியாகவே உருட்டினாள். ஏற்றத்தில் தோளைக் கொடுத்துத் தள்ளினாள். உள்ளங்கை உரிந்தது. உருட்ட உருட்டக் கோபம் குறையும் என்று பார்த்தால், குறையவில்லை. கட்டை கனமாக இருப்பதும் பிடித்துத்தான் இருந்தது.

அடைப்பு வாசலில் மூச்சு வாங்கிக்கொண்டு நின்றபோது ஜெனீன் வேகமாக வந்தாள். கல்யாணத்துக்கென்று போட்ட நீலச் சட்டை, கையில் தொலைபேசி. பின்னால் வாரிக், காது வரை சிவந்துபோய். அவன் சொல்லிவிட்டான் என்பது ஜெனீனின் முகத்திலேயே தெரிந்தது.

"ரெண்டு பேரும் சேந்து என்னைப் பைத்தியம் ஆக்கப் பாக்கறீங்களா?" என்றாள். "இன்னும் கொஞ்ச நேரத்துல ஆளுங்க வந்துடுவாங்க. கட்டையாம், பட்டடையாம். காப்பீட்டுக்காரன் கிட்ட இதையா சொல்லுவேன்? குரங்குக்குச் சாமான் சரியில்லை, அதனால ஜன்னலை உடைச்சதுன்னு?"

"ஆமா, அதையேதான் சொல்லணும்" என்றாள் கெரின். "நடந்தது அதுதான்."

"நீ சொல்லுவே செல்லம். பொறுப்பு என் தலையில. மறுபடி ஜன்னலுக்குப் போகாதுன்னு என்ன நிச்சயம்?"

"கதவைத் திற. கண்ணால பாரு. ஜன்னலுக்கு வெளியே பலகை அடிச்சிருக்கு, அந்தப் பக்கம் யாரும் இல்லை. அது ஜன்னல்ல அடிச்சா, திங்கட்கிழமை நானே வண்டியில ஏத்திவிடறேன்."

சொன்ன பிறகுதான் தான் எதைப் பணயம் வைத்துவிட்டோம் என்று அவளுக்கு உறைத்தது. மூன்று நாளாக அந்தக் குரங்கு அடைபட்டுக் கிடந்திருக்கிறது. கடைசியாகக் கொட்டை உடைத்தது அந்தத் திண்டில். அதுவே பழகிப்போயிருந்தால்?

ஜெனீன் தம்பியைப் பார்த்தாள். வாரிக் முதல்முறையாக நிமிர்ந்து, "திற ஜெனீன்" என்றான். "கட்டையை எடுத்தவன் நான். காப்பீட்டுக்காரன் கிட்டயும் நானே சொல்றேன். ஆய்வாளர் கிட்டயும்."

சாவி கை மாறியது. கெரினும் வாரிக்கும் கட்டையை உள்ளே உருட்டிப் பழைய இடத்தில் நிறுத்தினார்கள். புல்லில் அதன் வட்டம் வெளிறிப்போய் அப்படியே இருந்தது. குழிகளில் ஒட்டியிருந்த இலைகளை அவள் துடைத்தாள். ஆற்றுக்கல்லைப் பக்கத்தில் வைத்து, பையிலிருந்த கொட்டைகளைப் புல்லில் தூவினாள். வெளியே வந்து, கொட்டடியின் சறுக்குக் கதவைக் கயிறு இழுத்துத் திறந்தாள்.

பாக்கோ உடனே வரவில்லை. வாசலில் நின்று வெளிச்சத்துக்குக் கண்ணைச் சுருக்கியது. பிறகு இறங்கியது. ஒரு கொட்டையை எடுத்து மோந்து பார்த்துப் பல்லில் தட்டியது. கல்லை மார்போடு அணைத்துக்கொண்டு, மூன்று காலில் நொண்டி நொண்டி, நேராக ஜன்னல் திண்டுக்குப் போனது.

ஜெனீன் ஒரு பெருமூச்சு விட்டாள். "பாத்தியா" என்றுகூடச் சொல்லவில்லை. கெரின் வேலிக் கம்பியைப் பிடித்துக்கொண்டாள்.

பாக்கோ கொட்டையைத் திண்டில் வைத்தது. அது உருண்டு கீழே விழுந்தது. எடுத்து மறுபடி வைத்தது. மறுபடி உருண்டது. பாக்கோ கல்லைத் தூக்காமல் திரும்பி உட்கார்ந்தது. அப்போதுதான் அதன் பார்வை அடைப்பின் நடுவுக்குப் போயிற்று.

ஓடவில்லை. சந்தேகத்தோடு கட்டையை ஒரு சுற்று சுற்றியது. குழிக்குள் விரலை விட்டு, எங்கிருந்தோ வழிந்த கேக்கின் வெள்ளைக் கிரீமைத் தோண்டி எடுத்து, நக்கிப் பார்த்து, உதட்டைச் சுழித்தது. பிறகு கொட்டையைக் குழியில் உட்கார வைத்தது. ஒருமுறை திருப்பிப் பார்த்தது. இரண்டு கையாலும் கல்லைத் தூக்கி, முடியில்லாத கை வெயிலில் இளஞ்சிவப்பாகத் தெரிய, நிமிர்ந்து நின்றது.

டொக்.

ஓடு பிளக்கவில்லை. மறுபடி டொக். மூன்றாவது அடியில் பிளந்தது. பாக்கோ பருப்பை வாயில் போட்டு, அதை மென்றுகொண்டே அடுத்த கொட்டையைத் தேடக் கிளம்பியது. ஜன்னல் பக்கம் அது திரும்பவே இல்லை. நாலைந்து கொட்டை ஆகிறவரைக்கும் ஜெனீன் அசையாமல் நின்று பார்த்தாள்.

"திங்கட்கிழமை வண்டி வேண்டாம்னு சொல்லிடறேன்" என்றாள் கடைசியில். பிறகு தம்பியின் பக்கம் திரும்பி, "எருமை" என்றாள். "புதன்கிழமையே சொல்லித் தொலைச்சிருந்தா, மூணு நாள் தூக்கமாவது மிஞ்சிருக்கும் எனக்கு. கேக்குக்கு வேற ஏதாவது தேடிக் குடு, போ." தொலைபேசியில் எண்ணைத் தட்டிக்கொண்டே புல்வெளிக்கு நடந்துவிட்டாள். கெரினிடம் மன்னிப்பு எதுவும் கேட்கவில்லை. கேட்பாள் என்று கெரினும் எதிர்பார்க்கவில்லை.

மற்ற குரங்குகளைத் திறந்துவிட்டார்கள். இரண்டு பெண் குரங்குகள் பாக்கோவிடம் ஓடிவந்து, அதன் மொட்டைக் கையைப் பிடித்து முகர்ந்து பார்த்தன. முடி வளர மாதக்கணக்காகும். சிலதுக்குப் பிடுங்குகிற பழக்கம் நிற்பதே இல்லை. அது கெரினுக்கும் தெரியும், வாரிக்குக்கும் தெரியும்.

"கெரின்" என்றான் அவன். "நான் என்ன செஞ்சா..."

"இப்ப எதுவும் கேக்காதே" என்றாள். "என் கோபம் இன்னும் தீரலை. எப்ப தீரும்னும் தெரியாது. உன் மாம்பழத்தை நினைச்சா இப்பவும் பத்திக்கிட்டு வருது."

அவன் தலையாட்டினான். வெளிக்கதவைச் சாத்தி, கொண்டியைப் போட்டு, பூட்டை அழுத்தினான். விலகி நின்றான். ஒன்பது வருஷப் பழக்கத்தில், "பூட்டியாச்சு" என்றான்.

கெரின் உரிந்த கையால் பூட்டைப் பிடித்து இழுத்தாள். ஒருமுறை இழுத்தால் போதும். அவள் இரண்டுமுறை இழுத்தாள். மூன்றாம் முறை கதவே அதிரும்படி இழுத்தாள். உள்ளே பாக்கோ கல்லைத் தூக்கியபடி ஒரு கணம் திரும்பிப் பார்த்துவிட்டு, தன் வேலையைப் பார்த்தது.

"பூட்டியிருக்கு" என்று சொல்லிவிட்டு, அவனுக்குக் காத்திராமல், கிண்ணங்களைப் பொறுக்கக் கொட்டடிக்குள் போனாள்.